ஆயிரத்து அறுநூற்றுப் பத்தாவது மீட்டர்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை மில்லி என்றுதான் கூப்பிட்டார்கள். மில்லிமீட்டர் என்பதன் சுருக்கம் அது. குழாய் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் திரும்ப அளக்கச் சொல்லுவாள். மூன்றாம் முறை அளக்கச் சொல்லும்போது வெல்டர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். குடிநீர் வாரியத்தில் சேர்ந்து ஒன்பது வருடம். மலைக்குள்ளே போகும் சுரங்கக் குழாயைப் பராமரிக்கும் பொறியாளர் வேலை. அந்த வேலையை அவள் கேட்டு வாங்கியிருந்தாள். ஈரமும் இருட்டும் பிடித்த அந்த இடத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை என்பதால் உடனே கொடுத்துவிட்டார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் ஏரி. இந்தப் பக்கம் ஊர். நடுவில் இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர் சுரங்கம். அதற்குள் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓர் இரும்புக் குழாய், சிமென்ட் பீடங்கள் மேல் நீளப் படுத்துக் கிடந்தது. ஊரில் எந்தக் குழாயைத் திறந்தாலும் வருவது அதில் ஓடிய தண்ணீர்தான்.

அவளுடைய அப்பா அந்தக் குழாயின் வால்வுக்காரராக இருந்தவர்.

சுரங்கம் முடியும் இடத்தில், ஊர்ப்பக்கம், வால்வு அறை இருக்கிறது. பெரிய இரும்புச் சக்கரம். அதைச் சுற்றி முழுசாக மூட நாற்பது நிமிடம் ஆக வேண்டும் என்பது விதி. ஓடிவரும் தண்ணீரைச் சட்டென்று மறித்தால் அது பின்னால் திரும்பி, குழாயை உள்ளேயிருந்து சம்மட்டியால் அடிப்பது போல அடிக்கும். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில் ஊருக்குள் பிரதான சாலையில், ஒரு விழா மேடைக்கு எதிரே குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. நாற்காலிகள் மிதந்தன. வால்வு அறைக்கு போன் வந்தது. "உடனே மூடு. வேகமா மூடு." அப்பா நாற்பது நிமிடக் கணக்கைச் சொன்னார். "எனக்குப் பாடம் நடத்துறியா? மூடுறியா, வீட்டுக்குப் போறியா?" என்றது போன்.

பத்து நிமிடத்தில் மூடினார். சுரங்கத்துக்குள் குழாய் திரும்பும் வளைவில் இணைப்பு பிய்ந்துபோய், சுரங்கமே ஆறாகி வெளியே வந்தது. வாசலுக்குக் கீழே எட்டு வீடுகள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் செத்துப்போனார்கள். ஊருக்குப் பதினொரு நாள் தண்ணீர் இல்லை.

போனில் பேசியவர் அப்போது உதவிப் பொறியாளர். நான் அப்படி ஒரு போனே செய்யவில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார். வளைவில் குழாயைப் பிடித்து நிறுத்தியிருந்த கான்கிரீட் தாங்கி வரைபடத்தில் உள்ளபடி, பாறைக்குள் இறக்கிய பதினான்கு கம்பிகளோடு சரியாகத்தான் கட்டப்பட்டிருந்தது என்றும் எழுதிக் கொடுத்தார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: "வால்வு இயக்குபவர் எவருடைய உத்தரவுமின்றித் தன்னிச்சையாக வால்வை வேகமாக மூடியதே விபத்துக்குக் காரணம்."

அப்பாவுக்கு வேலை போயிற்று. வீட்டு ஜன்னல்கள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் உடைந்தன. கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஆறு வருடம் உயிரோடு இருந்தார் என்று சொல்லலாம். வாழ்ந்தார் என்று சொல்ல முடியாது. வீட்டுக் குழாயைக்கூட அவர் கையால் திறக்கமாட்டார். தாகம் எடுத்தால் யாராவது வந்து பிடித்துத் தரும்வரை உட்கார்ந்திருப்பார். அவர் போனபோது மில்லிக்குப் பதினேழு வயது.

அம்மா அழுது முடித்த மறுநாள் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தாள். சீருடை தைத்து மகளைப் படிக்க வைத்தாள். பாசத்துக்காக மட்டும் வைத்தாள் என்று சொன்னால் அது பொய்.

"படிடி. நல்லாப் படி. அந்த ஆளு ஏறின ஏணியில நீயும் ஏறணும். ஏறி, அவன் காலைப் பிடிச்சு இழுக்கணும். அதைப் பாத்துட்டுத்தான் எனக்குச் சாவு."

மற்றப் பிள்ளைகளுக்குத் தாலாட்டு மாதிரி மில்லிக்கு இது.

அந்த உதவிப் பொறியாளர்தான் இப்போது தலைமைப் பொறியாளர். அலுவலகத்தில் அவரைத் தலைமை என்பார்கள். நாக்கில் வெண்ணெய் தடவிய பேச்சு. வேலைக்கான நேர்காணலில் மில்லியின் விண்ணப்பத்தைப் பார்த்தவரும் அவர்தான். அதில் அப்பாவின் பெயர் முழுசாக எழுதியிருந்தது. அவர் பார்த்தார், "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார், "இறந்துட்டார் சார்" என்றதும் "அடடா" என்று சொல்லி அடுத்த பக்கம் திருப்பினார். அவ்வளவுதான். அந்தப் பெயர் அவருக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை. அவள் மறைந்து நிற்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அன்றைக்கு வீடு வரும் வழியெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. பயந்துபோய் அவளை நிராகரித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

ஒன்பது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். சந்தர்ப்பம் அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

ஊர் பெருத்துவிட்டது; ஒரு குழாய் போதவில்லை. அதே சுரங்கத்தில், பழைய குழாய்க்குப் பக்கத்தில், இரண்டாவது குழாய் போடத் திட்டம். ஓய்வு பெறுவதற்கு முன்னால் இதை முடித்துப் பெயர் வாங்கிவிட வேண்டும் என்று தலைமைக்கு ஆசை. "மில்லி, நீங்கதான் இதுக்குச் சரியான ஆள். ஒவ்வொரு அடியா அளந்து திட்டம் போட்டுக் கொடுங்க" என்றார்.

"ஒவ்வொரு அடியா அளக்கறேன் சார்" என்றாள் மில்லி.

சுரங்கத்துக்குள் அவளுக்குத் துணை குடைக்காரர். முப்பது வருடமாகத் தினமும் சுரங்கத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து, எங்கே கசிவு, எங்கே துரு என்று பார்த்து வருகிற காவல் நடையாளர். கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருப்பதால் உள்ளே குடை பிடித்து நடப்பார். "மழையில குடை பிடிக்கறவனைப் பாத்திருப்ப. மலைக்குள்ள குடை பிடிக்கறவன் நான் ஒருத்தன்தான்" என்பார். அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவர். அவள் யாரென்று முதல் நாளே அவருக்குத் தெரியும். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. தனியாக இருக்கும்போது மட்டும் மில்லி அவரைச் சித்தப்பா என்பாள்.

ஆயிரத்து அறுநூற்றுப் பத்தாவது மீட்டரில் அந்த வளைவு. விபத்துக்குப் பிறகு மறுபடி கட்டிய தாங்கி அங்கே நின்றது. குழாய் வளையும் இடத்தில் தண்ணீரின் விசை அதை வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலை வாங்கிப் பாறைக்குக் கொடுப்பதுதான் தாங்கியின் வேலை. பார்க்க ஒரு யானை சுவரோடு முதுகைச் சாய்த்து நிற்பது போல இருக்கும் என்பதால் தொழிலாளர்கள் அதை யானை என்றே சொல்வார்கள்.

புதுக் குழாய்க்காக யானையை அகலப்படுத்த வேண்டும். அதற்கு உள்ளே கம்பி எங்கெங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். மில்லி கம்பி தேடும் கருவியை எடுத்துக் கான்கிரீட் மேல் மெதுவாக நகர்த்தினாள். கம்பி இருந்தால் அது கீச்சிடும். கீச்சிடவில்லை. மேலே, கீழே, ஓரத்தில். கருவி ஊமையாக இருந்தது. பையிலிருந்து சுத்தியலை எடுத்துத் தட்டினாள். கெட்டியான கான்கிரீட் "டங்" என்று சொல்லும். இது வெறும் தகர டப்பா போல "டொப்" என்றது.

"என்னம்மா சத்தம் இது?" என்றார் குடைக்காரர்.

"யானை வயித்துல ஒண்ணுமே இல்ல சித்தப்பா."

துளை போட்டுப் பார்த்தாள். வெளியே ஒரு சாணுக்குக் கான்கிரீட் ஓடு. உள்ளே உடைகல்லும் மண்ணும். பாறைக்குள் ஒரு கம்பிகூட இறங்கவில்லை. இரண்டாவது தடவையும், இரண்டு பேர் செத்த பிறகும், அதே கையெழுத்தின் கீழ் அதே ஏமாற்று. தாங்கியும் பாறையும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது.

மில்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது பயமல்ல, மகிழ்ச்சி. பின்னாளில் அவள் அதை நினைத்து வெட்கப்பட்டாள். அன்றைக்கு வெட்கமெல்லாம் வரவில்லை.

விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையை ஒட்டினாள். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். பக்கத்தில் பழக்கப்படி அன்றைய தேதியைப் பெயின்ட்டில் எழுதினாள். குறிப்பேட்டிலும் எழுதினாள்.

"மேல சொல்லணுமே" என்றார் குடைக்காரர்.

"யாருகிட்ட சொல்றது? என் அறிக்கை போற மேசை அவரோடது. நாலு மூட்டை சிமென்ட்டைப் பூசி மூடிட்டு என்னை வேற ஊருக்கு மாத்திடுவாரு. இன்னும் பத்தொன்பது நாள்ல திட்டத்தைப் பாக்க வெளியிலிருந்து குழு வருது சித்தப்பா. மூணு பேரு. அவங்க முன்னாடி, இதே இடத்துல, அவர் வாயால பேச வெச்சு, அப்புறம் தட்டிக் காட்டறேன்."

"அதுவரைக்கும் இது நிக்குமா?"

"ஏரி முனையில வால்வை முக்கால் அளவுக்கு இறக்கச் சொல்லியிருக்கேன். அளவெடுக்கணும்னு காரணம் சொல்லிட்டேன். அழுத்தம் குறையும். நிக்கும்."

அவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்கப்பாவா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

"அதனாலதான் அவரு தெருவுல நின்னாரு."

எழுத வேறு வழி இல்லாமல் இல்லை. வாரியத்தின் தலைவருக்கு நேரடியாக ஒரு கடிதம் போட்டிருக்கலாம். அரசாங்கத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு எழுதியிருக்கலாம். இரண்டும் அவளுக்குத் தெரியும். ஆனால் கடிதத்துக்கு முகம் கிடையாது. அவளுக்கு வேண்டியது அவர் முகம். அது வெளிறிப் போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா தைத்துக்கொண்டிருந்த காலரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"உள்ளே ஒண்ணுமே இல்லையா? ரெண்டாவது தடவையுமா?"

"ரெண்டாவது தடவையும்தான்."

"நாசமாப் போறவன்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, கண் காய்ந்துதான் இருந்தது. "விட்றாதடி. அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்காத. இருபத்து மூணு வருஷம் காத்தவளுக்குப் பத்தொன்பது நாளா பெரிசு?"

பன்னிரண்டாம் நாள் கண்ணாடி உடைந்திருந்தது. விரிசல் இரண்டு மில்லிமீட்டர். பதினாறாம் நாள் நாலு. ஒவ்வொரு முறையும் தேதியைப் பெயின்ட்டில் எழுதினாள்.  அன்றைக்கு மாலை அலுவலகத்தில் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இன்னும் மூன்று நாள்தானே என்று திரும்ப வைத்துவிட்டாள். குடைக்காரரிடம், "விரிசல் ரெண்டு மில்லிமீட்டர்தான். இருந்தாலும் வளைவுல சுவர்ப்பக்கம் போகாதீங்க. உள்பக்கமா நடந்து போங்க" என்று மட்டும் சொன்னாள்.

குழு வந்த அன்று காலை பத்து மணி. குழுவின் தலைவி நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த, அதிகம் பேசாத பெண்மணி. மற்ற இருவரும் அவர் நின்றால் நின்றார்கள், நடந்தால் நடந்தார்கள். தலைமை புது பூட்ஸ் போட்டு வந்திருந்தார். முன்னால் குடைக்காரர், பின்னால் இவர்கள், கடைசியில் மில்லி. தலைமை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். இந்தச் சுரங்கத்தின் ஒவ்வொரு கல்லும் தனக்குத் தெரியும் என்றார். ஆயிரத்து நானூறாவது மீட்டரில், சுவரில் மாட்டியிருந்த போன் பக்கத்தில் நின்று, சாதாரணமாகச் சொன்னார்:

"காலையில ஏரி முனைக்குச் சொல்லி வால்வை முழுசாத் திறக்கச் சொல்லிட்டேன். யாரோ முக்கால்ல வெச்சிருக்காங்க. நீங்க முழு ஓட்டத்தையும் பாக்கணும் இல்லையா?"

மில்லி குழாய்மேல் உள்ளங்கையை வைத்தாள். அதிர்ந்தது. அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இன்னும் இருநூறு மீட்டர்தான், மூன்று நிமிட வேலைதான் என்று அவளுக்குள் ஏதோ சொன்னது. நடந்தாள்.

வளைவில் எல்லோரும் நின்றார்கள்.

"சார், இந்தத் தாங்கியைப் பத்திக் குழுவுக்கு நீங்களே சொன்னா நல்லாருக்கும்" என்றாள் மில்லி. குரல் சீராக வந்தது.

"இதா? இதை நான் கூடவே நின்னு கட்டினேன்." யானையின் முதுகைத் தட்டிக் கொடுத்தார் தலைமை. "பதினாலு கம்பி. ஒவ்வொண்ணும் பாறைக்குள்ள ரெண்டு மீட்டர். நானே எண்ணினேன்."

"நீங்களே எண்ணினீங்களா சார்?"

"நானே."

மில்லி கருவியை எடுத்துக் குழுத் தலைவியின் கையில் கொடுத்தாள். "கம்பி மேல வெச்சா இது கீச்சுனு கத்தும் மேடம். முதல்ல பீடத்துல வெச்சுப் பாருங்க." பீடத்தில் வைத்ததும் கத்தியது. "இப்ப தாங்கியில வெச்சுப் பாருங்க."

அந்தப் பெண்மணி வைத்தார். நகர்த்தினார். சத்தம் இல்லை. இன்னொரு தடவை நகர்த்தினார். திரும்பித் தலைமையைப் பார்த்தார்.

அந்த முகத்தை மில்லி பார்த்தாள். இருபத்து மூன்று வருடமாகக் கேட்டது அதுதான். வெண்ணெய் வழிந்த நாக்கு உலர்ந்து, உதடு மட்டும் அசைந்தது. "கருவி... பழைய கருவி..." என்றார். அவள் சுத்தியலை எடுத்துத் தட்டினாள். டொப். இன்னொரு தட்டு. டொப். அவள் கை நிறுத்தவே விரும்பவில்லை.

அப்போதுதான் குடைக்காரர் விரிசல் பெரிதாகியிருப்பதைப் பார்த்தார். போக வேண்டாம் என்று மில்லி சொன்ன அந்தச் சுவர்ப்பக்கத்துக்கே டார்ச்சை அடித்துக்கொண்டு போய்க் குனிந்தார். "மேடம்! விரல் போகுது இதுல!" என்று கத்தினார்.

யானை நகர்ந்தது. பெரிய சத்தமில்லை; கனமான பீரோவைத் தரையில் இழுப்பது போல ஒரு முனகல். குழாய் ஒரு சாண் வெளிப்பக்கம் தள்ளியது. இணைப்பிலிருந்து தகடு மாதிரி தண்ணீர் பீய்ச்சி எதிர்ச்சுவரில் அடித்தது. குடைக்காரர் விழுந்தார். அவருடைய வலது கால் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது.

தலைமை ஓடினார். பின்பக்கமாக இருபது அடியில் இன்னொரு போன் இருந்தது. எண்ணைப் பார்க்காமலேயே அழுத்தினார். விரல்கள் தாமாகவே போன எண் அது, ஊர்ப்பக்க வால்வு அறை. தண்ணீர் இரைச்சலுக்கு மேல் அவர் கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

"மூடு! உடனே மூடு! வேகமா மூடு! எனக்குப் பாடம் நடத்துறியா? மூடுறியா, வீட்டுக்குப் போறியா?"

மில்லி பாய்ந்து போனைப் பிடுங்கினாள். "தொடாதீங்க! சக்கரத்துல கை வைக்காதீங்க! ஊர்ப்பக்கம் அப்படியே திறந்து கிடக்கட்டும்." இன்னொரு எண். "ஏரி முனையா? மில்லி பேசறேன். மெதுவா மூடுங்க. நிதானமா. நான் லைன்லயே இருக்கேன்."

ஏரி முனை வால்வுக்கு நாற்பது நிமிட விதி இல்லை; மூட இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. தண்ணீர் ஊர்ப்பக்கம் வடிந்து, குழாய் இலகுவாகி, காலை வெளியே எடுக்கும்வரை குழுவின் இரண்டு ஆண்களும் குடைக்காரரின் தலையை நீருக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மில்லி போனைக் காதில் வைத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கத்தவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுத் தலைவி தலைமையிடம் போய், தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று கேட்டார்: "இருபத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி போன் பண்ணலைன்னு எழுதிக் கொடுத்தது நீங்கதானே? வர்றதுக்கு முன்னாடி பழைய அறிக்கையைப் படிச்சேன். வால்வுக்காரர் வாக்குமூலத்துல இதே வார்த்தைதான் இருக்கு. பாடம் நடத்துறியான்னு."

மில்லிக்கு அது காதில் விழுந்தது. அப்பா வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குத் தலைமை வீடு தேடி வந்தார். அம்மா தையல் இயந்திரத்தில் இருந்தாள். எழவில்லை. மில்லி நாற்காலியைக் காட்டினாள்.

"விஷயத்துக்கே வரேன்" என்றார் அவர். ஒரே நாளில் சட்டை பெரிசாகிவிட்டது போல இருந்தார். "அந்தச் சுவத்துல தேதி எழுதியிருக்கு. உங்க கையெழுத்து. பத்தொன்பது நாளைக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஆளுங்களை உள்ள அனுப்பியிருக்கீங்க. ஒருத்தருக்குக் கால் போச்சு. நான் மாட்டினா நீங்களும் மாட்டுவீங்க. விரிசல் நேத்துத்தான் வந்ததுன்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டா, யாருக்கும் ஒண்ணும் இல்ல. சுவத்தை நான் பாத்துக்கறேன். உங்களுக்குச் சின்ன வயசு. யோசிங்க."

தையல் இயந்திரம் நின்றது.

"குறிப்பேட்டை இன்னிக்குக் காலையில குழுவுகிட்ட கொடுத்துட்டேன் சார்" என்றாள் மில்லி. "பத்தொன்பது நாளும் அதுல இருக்கு. என் தப்பையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

"பைத்தியமா உங்களுக்கு? எதுக்கு?"

"நான் ஒரு பொய் சொன்னா அந்த ஓட்டை வழியா நீங்க வெளிய வந்துடுவீங்க. எலி நுழையற அளவுக்குக்கூட ஓட்டை இருக்கக் கூடாதுன்னுதான்."

 அவர் எழப் பார்த்தார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். அவர் தோளளவுதான் உயரம்.

"ஒரு நிமிஷம் உக்காருங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம் புருஷன் வால்வு அறையில பதினெட்டு வருஷம் வேலை பாத்தாரு. நீங்கதான் வீட்டுக்கு அனுப்பினீங்க. அவரு பேரு என்ன?"

தலைமை மில்லியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இந்த வீடு எந்த வீடு, எதிரில் நிற்பது யாருடைய மகள் என்பதெல்லாம். ஆனால் பெயர் வரவில்லை. நெற்றியில் வியர்த்தது; சுவரில் படம் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று கண் தேடியது.

"சொல்லுங்க. அவசரமில்ல. மெதுவா யோசிங்க. நாப்பது நிமிஷம்கூட எடுத்துக்குங்க."

 "தெரியலைம்மா" என்றார் கடைசியில்.

"அப்பப் போங்க" என்றாள் அம்மா.

விசாரணை ஏழு மாதம் நடந்தது. ஓய்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தலைமையை இடைநீக்கம் செய்தார்கள். செத்துப்போன இரண்டு பேருக்காகவும் சேர்த்து வழக்குப் பதிவாயிற்று. நீதிமன்றத்துக்கு அவர் போய்வரும் நாட்களிலெல்லாம் அம்மா வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் போய், முதல் வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் பேசறதில்லடி. சும்மா பாக்கறேன். அதுவே அவனுக்குப் போதும்" என்றாள். அவள் முகம் தெளிந்தது; இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டாள்.

பழைய அறிக்கையைத் திருத்தி வந்த கடிதமும் ஒரே வரிதான். வால்வு இயக்குபவர் மேலதிகாரியின் உத்தரவுப்படி நடந்தார் என்று, அப்பாவின் முழுப் பெயரோடு. அம்மா அதை நாலைந்து தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மில்லியைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். ஆறு மாதம் வேலையில்லை; அதற்குப் பிறகு ஒரு படி இறக்கி, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சீசாக்களுக்கு நம்பர் ஒட்டும் வேலை. சுரங்கத்துக்குள் போக அனுமதி இல்லை. அது அவளுக்கு வலித்தது. ஆனால் அநியாயம் என்று தோன்றவில்லை. தலைமையின் முகம் வெளிறியதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு ஒரு குளிர்ச்சிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த முகத்தை நினைத்து முடிப்பதற்குள், தண்ணீருக்கு மேலே பிடித்திருந்த இன்னொரு முகம் வந்துவிடும்.

குடைக்காரரின் காலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் முழங்கால் இனி மடங்காது என்றார்கள். மில்லி போனாள். அவருடைய மனைவி கதவைப் பாதி திறந்து, "அவரு தூங்கறாரு" என்றாள். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் போனாள். "குளிக்கறாரு." அதற்கு அடுத்த வாரம், "இன்னிக்கு உடம்பு சரியில்ல."

"அவருக்குத் தெரியுமா நான் வந்துட்டுப் போறது?" என்று கேட்டாள் மில்லி.

"நல்லாத் தெரியும்."

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "எத்தனை தடவைடி போய் அவமானப்படுவ? நீ என்ன வேணும்னா செஞ்ச?"

"வேணும்னுதான் காத்திருந்தேன். நீயும்தான் காத்திருக்கச் சொன்ன."

அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கோக்க முடியவில்லை. "அப்பப் போ" என்றாள். "கதவைத் திறக்கற வரைக்கும் போ. நானும் ஒரு நாள் வரேன்."

ஒன்பதாவது தடவை கதவைத் திறந்தது குடைக்காரரே. கைத்தடியை ஊன்றி, விறைத்த காலை முன்னால் நீட்டி நின்றார். மெலிந்திருந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"சித்தப்பா..."

"அந்த வார்த்தையை விடு" என்றார். "பதினாறாம் நாள் நாலு மில்லிமீட்டர்னு உனக்குத் தெரியும். எங்கிட்ட ரெண்டுன்னு சொன்ன. அந்த ஆளு உங்கப்பாவைப் பத்திச் சொன்ன பொய்யும் இதும் ஒரே ஜாதி."

"ஆமா" என்றாள் மில்லி.  

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். தெருவில் யாரோ அவரைப் பார்த்துக் கையாட்டினார்கள், பதிலுக்குக் கையாட்டினார். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு வழிவிட்டார்.

"உள்ள வா. மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதே. நின்னா கால் வலிக்குது, அதான்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.